அந்தலூசியாவில் யார் கட்சி மாறினார்கள்?

2022 ஜூன் 19 ஞாயிறு, மாநிலத் தேர்தல் நடந்த இரவு, ஸ்பெயினின் தெற்கு மாநிலமான அந்தலூசியா வலதுசாரிகள் பக்கம் போய்விட்டது என்று நாடு முழுக்கப் பேசினார்கள். பேசியதில் தப்பில்லை. 109 இடங்கள் கொண்ட மாநில நாடாளுமன்றத்தில் வலதுசாரி மக்கள் கட்சிக்கு 58 இடங்கள். பெரும்பான்மைக்கு 55 போதும். எட்டு மாவட்டங்களிலும் அந்தக் கட்சியே முதலிடம். சோஷலிஸ்ட் கட்சியின் தாய்வீடு என்று சொல்லப்படும் செவில்யாவும் அதில் அடக்கம். 1982 முதல் 2018 தேர்தல் வரை தொடர்ந்து ஆண்ட சோஷலிஸ்டுகளுக்கு 30 இடங்கள்தான் மிஞ்சின. அதற்கு முன் அந்தக் கட்சி அங்கே அவ்வளவு கீழே போனதே இல்லை.

ஆனால் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி தெரிகிறது. 2012 தேர்தலில் மக்கள் கட்சி வாங்கிய வாக்குகள் சுமார் 15.7 லட்சம். 2022-இல் வாங்கியது 15.8 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டி. பத்து வருடத்தில் கூடியது மிகச் சொற்பம். 2012-இல் அந்த வாக்குகளை வைத்துக்கொண்டு 50 இடங்களோடு எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தார்கள். 2022-இல் ஏறக்குறைய அதே வாக்குகள் அவர்களுக்குத் தனி ஆட்சியைக் கொடுத்தன. இந்தப் பத்து வருடத்தில் இளகியது எதிர்ப்பக்கம். 2012-இல் 15 லட்சத்துக்கு மேல் வாங்கிய சோஷலிஸ்ட் கட்சி 2022-இல் 9 லட்சத்தைக்கூட எட்டவில்லை. அந்த ஆறு லட்சம் பேர் எங்கே போனார்கள் என்பதுதான் என்னை விடாமல் துரத்துகிற கேள்வி.

எனக்கு அங்கே ஓட்டு கிடையாது. அந்தலூசிய நகரமான மாலகாவில் வேலை, அங்கேதான் குடியிருப்பு, வரியும் அங்கேதான். ஆனால் மாநிலத் தேர்தலில் ஸ்பெயின் குடியுரிமை உள்ளவர்கள் மட்டுமே வாக்களிக்க முடியும். பிரெஞ்சுக்காரரோ ஜெர்மானியரோ உள்ளாட்சித் தேர்தலில் போடலாம், மாநிலத் தேர்தலில் அவர்களுக்கும் இல்லை. மருத்துவமனை, பள்ளிக்கூடம், முதியோர் பராமரிப்பு எல்லாம் மாநில அரசின் கையில் இருக்கிற நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. நான் போகிற சுகாதார நிலையத்தில் எத்தனை மருத்துவர்கள் இருக்க வேண்டும் என்பதை மாநிலத் தலைநகர் செவில்யாவில் உள்ள அரசு முடிவு செய்கிறது. அதனால் என்னால் முடிந்தது, கவனமாகப் பார்ப்பது.

சோஷலிஸ்ட் கட்சி அந்த மண்ணில் அவ்வளவு காலம் எப்படி வேரோடி நின்றது என்பதை முதலில் சொல்ல வேண்டும். மாலகாவின் மையத்தில் அலமேதா தெ கொலோன் என்று ஒரு அகலமான சாலை. 1977 டிசம்பர் 4 அன்று சுயாட்சி கேட்டு அந்தலூசியா முழுவதும் லட்சக்கணக்கான மக்கள் தெருவில் இறங்கினார்கள். அன்று இந்தப் பகுதியில் மனுவேல் ஹோசே கார்சியா கப்பரோஸ் என்ற 18 வயதுத் தொழிலாளி சுடப்பட்டு இறந்தார். சர்வாதிகாரி பிராங்கோ செத்து இரண்டே வருடம். வடக்கே இருக்கும் பாஸ்குகளுக்கும் கத்தலான்களுக்கும் சீக்கிரம் கிடைக்கப்போகிற சுயாட்சி எங்களுக்கு மட்டும் ஏன் மெதுவாக வர வேண்டும் என்பதுதான் அன்றைய கோபம்.

1980 பிப்ரவரி 28 அன்று பொதுவாக்கெடுப்பு. விதி மிகக் கடுமையானது. எட்டு மாவட்டங்களில் ஒவ்வொன்றிலும், பட்டியலில் பெயர் உள்ள மொத்த வாக்காளர்களில் பாதிக்கு மேல் ஆம் என்று சொல்ல வேண்டும். வராதவர்களும் இல்லை என்று சொன்ன கணக்கில் சேர்வார்கள். அப்போது மத்தியில் ஆண்ட வலதுசாரிகள் மக்களை வாக்களிக்கப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அல்மெரியாவில் வாக்கு போதவில்லை. பிறகு மாட்ரிட்டில் சட்டத்தைத் திருத்தித்தான் அந்த முடிச்சை அவிழ்த்தார்கள். ஆனால் மக்கள் மறக்கவில்லை. அன்று யார் கூட நின்றார்கள், யார் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள் என்பது தெளிவாகப் பதிந்துவிட்டது. 1982 மே மாதம் நடந்த முதல் மாநிலத் தேர்தலில் சோஷலிஸ்டுகளுக்கு 66 இடங்கள். அந்தப் பிப்ரவரி நாளின் வட்டியை அவர்கள் முப்பது வருடத்துக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்றே சொல்வேன்.

நிலமும் இதில் உண்டு. எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருக்கும் பாட்டி ஹயேன் மாவட்டத்துக்காரர். ஹயேனில் ஆறு கோடிக்கும் மேலான ஒலிவ மரங்கள். மலைச்சரிவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒலிவம்தான். குளிர்காலத்தில் மரத்தடியில் வலையை விரித்து, நீளக் கம்பால் கிளையை அடித்து, உதிர்ந்ததை இழுத்துக் கொட்டுவார்கள். நிலம் சிலருக்கு, கூலி பலருக்கு. பாட்டியின் கணவர் அந்தக் கூலிகளில் ஒருவர். அறுவடை முடிந்தால் மறுபடி வேலை வரும்வரை என்ன செய்வது என்பது அந்தக் குடும்பங்களின் நிரந்தரக் கவலை. 1984-இல் சோஷலிஸ்ட் அரசு கொண்டுவந்த கிராமப்புற வேலைத் திட்டமும் விவசாயக் கூலி உதவித்தொகையும் அந்த மாதங்களைத் தாண்ட உதவின. வருடத்தில் இத்தனை நாள் வேலை செய்ததாகக் கணக்குக் காட்டினால் உதவித்தொகை வரும். இதைக் காட்டி, இது விலைக்கு வாங்கிய ஓட்டு என்று வலதுசாரிகள் வருடக்கணக்காகப் பேசினார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. மாளிகையில் இருந்த நிலக்காரரின் தயவை நம்பி வாழ்ந்த குடும்பம், மாதாமாதம் பணம் வருவதற்கு வழி செய்த கட்சிக்கு நன்றியோடு இருந்தால் அது நியாயமான நன்றி.

நன்றி இருந்தும் எப்படி உடைந்தது? முதல் உடைப்பு 2018 டிசம்பர் 2.

அன்று சோஷலிஸ்ட் கட்சிக்கு 33 இடங்கள், மக்கள் கட்சிக்கு 26, மைய-வலது சியுததானோஸ் கட்சிக்கு 21, இடதுசாரிக் கூட்டணிக்கு 17, அதுவரை எந்த மாநில நாடாளுமன்றத்திலும் கால் வைக்காத தீவிர வலதுசாரி வோக்ஸ் கட்சிக்கு 12. சோஷலிஸ்டுகள்தான் முதலிடம். ஆனால் வலப்பக்கத்து மூன்று கட்சிகளும் சேர்ந்தால் 59. மக்கள் கட்சியின் ஹுவான்மா மொரேனோ, 26 இடங்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு முதல்வரானார்.

அந்த இரவுக்குப் பிறகு ஒரு தவறான கணக்கு வேகமாகப் பரவியது. 2015-இல் இருந்து 2018-க்குள் சோஷலிஸ்ட் கட்சி இழந்தது சுமார் 4 லட்சம் வாக்குகள். வோக்ஸ் வாங்கியதும் ஏறக்குறைய 4 லட்சம். ஆக, சிவப்புக் கொடி பிடித்த கூலித் தொழிலாளிகள் நேராக வோக்ஸ் பக்கம் ஓடிவிட்டார்கள் என்று பலர் முடிவுகட்டினார்கள். கேட்பதற்குக் கச்சிதமாக இருக்கும் இந்தக் கதை அப்படியே பொருந்தாது. அதே மூன்று வருடத்தில் மக்கள் கட்சியும் 3 லட்சத்துக்கு மேல் இழந்திருந்தது. வோக்ஸுக்குப் போனவர்களில் பெரும்பங்கு ஏற்கெனவே வலதுசாரிகளாக இருந்தவர்கள் என்பதுதான் நம்பத்தகுந்த விளக்கம். இன்னொரு பக்கம், வாக்குப்பதிவு 62 சதவீதத்திலிருந்து 57-க்கும் கீழே இறங்கியிருந்தது. சுமார் 3 லட்சம் பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். இடதுசாரிக் கட்சிகள் மொத்தமாக இழந்ததில் ஏறக்குறைய பாதி அளவு இது.

ஏன் வீட்டில் இருந்தார்கள்? சோஷலிஸ்ட் மாநில அரசு மீதான வேலையிழப்பு நிதி முறைகேடு வழக்கு அப்போது செவில்யாவில் விசாரணையில் இருந்தது. 68 கோடி யூரோ சம்பந்தப்பட்ட வழக்கு. முன்னாள் முதல்வர்கள் மனுவேல் சாவெஸ், ஹோசே அந்தோனியோ கிரிஞான் இருவரும் குற்றவாளிக் கூண்டில். (2019-இல் தண்டிக்கப்பட்டார்கள், 2024-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தீர்ப்புகளில் பெரும்பகுதியைத் திருத்தியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.) அப்போதைய முதல்வர், சோஷலிஸ்ட் கட்சியின் சுசானா தியாஸ், 2017-இல், பின்னாளில் பிரதமரான பேத்ரோ சான்செஸை எதிர்த்துக் கட்சித் தலைமைக்கு நின்று தோற்றவர். அந்தக் காயம் கட்சிக்குள் ஆறவில்லை. பாட்டி 2018-இல் போகவில்லை. வேறு கட்சிக்குப் போட அவருக்கு மனம் வராது. தன் கட்சிக்குப் போடவும் அன்று கை வரவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக ஒரே கட்சிக்குப் போட்டவர்களுக்குக் கோபம் வந்தால் அது பெரும்பாலும் இப்படித்தான் வெளிப்படும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவருடைய மகன் கதை வேறு. நகரத்தில் வளர்ந்தவர், கணக்காளர் வேலை. 2015-இல் அப்பாவின் கட்சிக்கே போட்டவர். 2018-இல் சியுததானோஸ். 2022-இல் மக்கள் கட்சி. என்னிடம் மறைக்காமல் சொன்னார், அம்மாவிடம் சொல்லவில்லை.

அந்தலூசியாவின் மாற்றத்தைப் புரிந்துகொள்ள இந்த மகனைப் புரிந்துகொண்டால் போதும் என்று நினைக்கிறேன். கூலித் தொழிலாளியின் பிள்ளை 2015-இல் மக்கள் கட்சிக்குப் போட முடியாது. அது நிலக்காரர்களின் கட்சி, 1980-இல் எதிர்த்து நின்றவர்களின் வாரிசு. வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லவே முடியாது. ஆனால் ஆரஞ்சு நிறத்தில், பழைய கணக்கு எதுவும் இல்லாமல், கத்தலோனியாவிலிருந்து புதிதாக வந்த கட்சிக்குப் போடலாம். கத்தலோனியத் தனிநாட்டுப் பிரச்சினை கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஊழலுக்கு எதிரானது, நடுநிலையானது என்று சொல்லிக்கொண்ட கட்சிக்குப் போடுவதில் வெட்கம் எதுவும் இல்லை. ஆற்றின் நடுவில் கிடக்கும் கல் போல இருந்தது சியுததானோஸ். ஒரே தாவலில் அக்கரைக்குப் போக முடியாதவர்கள் அதில் காலை வைத்தார்கள். 2015-இல் சுமார் 3.7 லட்சம் வாக்கு, 2018-இல் 6.6 லட்சம், 2022-இல் 1.2 லட்சம். கால் வைத்தவர்கள் தாண்டிவிட்டார்கள்.

தாண்டும்போது அக்கரையில் யார் நின்றார்கள் என்பதும் முக்கியம். மொரேனோவின் 2022 பிரசாரப் பலகைகளில் அவர் முகம்தான் பெரிது. கட்சியின் சின்னத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். அந்தலூசியாவின் பச்சை வெள்ளைக் கொடியை அவர் தன்னுடையதாக்கிக்கொண்டார். பிப்ரவரி 28-ஐ ஒருகாலத்தில் எதிர்த்தவர்களின் வழிவந்த கட்சி அதே நாளைப் பெருமையோடு கொண்டாடியது. சோஷலிஸ்டுகளிடம், இந்த ஒரு தடவை உங்கள் ஓட்டைக் கடனாகக் கொடுங்கள் என்ற தொனியில் கேட்டார். இது மட்டும் போதாது. அந்த வசந்த காலத்தில்தான் காஸ்தியா-லெயோன் மாநிலத்தில் வோக்ஸ் முதல்முறையாக ஒரு மாநில அரசில் பங்கு வாங்கியிருந்தது. அந்தலூசியாவில் அதன் வேட்பாளர் மக்கரேனா ஒலோனா, வேறு மாநிலத்து அலிகாந்தேயில் பிறந்தவர். மொரேனோவுக்குப் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் இவர் துணை முதல்வராகிவிடுவார் என்ற பயம் பரவலாக இருந்தது. மகன் அதைத்தான் சொன்னார்: எப்படியும் வலதுசாரி ஆட்சிதான் வரப்போகிறது, வோக்ஸ் இல்லாமலாவது வரட்டும். வலதுசாரிக் கட்சிக்கு ஒரு சோஷலிஸ்ட் போடும் ஓட்டு, தீவிர வலதுசாரியைத் தடுக்கும் ஓட்டாகவும் இருந்தது. வோக்ஸ் 12-இலிருந்து 14-க்குத்தான் நகர்ந்தது.

அன்று மாலை பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எண்ணிக்கையைப் பார்க்கப் போனேன். ஸ்பெயினில் அதற்குத் தடையில்லை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மேசையில் இருப்பவர்கள் அரசு ஊழியர்கள்கூட இல்லை. அந்தத் தெருவில் வசிப்பவர்களிலிருந்து குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். வரமாட்டேன் என்று சொல்ல முடியாது. எங்கள் மேசைத் தலைவி இருபதுகளில் இருந்த ஒரு பெண். இரவு எட்டு மணிக்குக் கதவைச் சாத்தி, கண்ணாடி போன்ற பெட்டியைத் திறந்து, உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒவ்வொரு கட்சிக்கும் தனிச் சீட்டு என்பதால் முத்திரை, குறி எதுவும் தேவையில்லை. சீட்டை எடுத்துக் கட்சிப் பெயரை உரக்கச் சொல்லி, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பார். அவர் அந்தந்தக் கட்சிக்கு அடுக்குவார். கட்சி முகவர்கள் சுற்றி நின்று தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். பெ பெ, பெ பெ என்று மக்கள் கட்சியின் பெயர் வந்துகொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் அந்த அடுக்கு சரியப் பார்த்தது, இரண்டாகப் பிரித்து வைத்தார்கள். சோஷலிஸ்ட் முகவர், அறுபதைத் தாண்டியவர், கொஞ்ச நேரத்தில் கோடு போடுவதை நிறுத்திவிட்டார். எல்லாம் முடிந்ததும் கூட்டல் சரிபார்த்து, கையெழுத்து போட்டு, சர்ச்சைக்குரிய சீட்டுகளை மட்டும் எடுத்து வைத்துவிட்டு மற்றதை எல்லோர் முன்னிலையிலும் கிழித்துப்போட்டார்கள். சட்டமே அப்படித்தான் சொல்கிறது. இவ்வளவு எளிமையான, யாருக்கும் சந்தேகம் வராத வேலையைப் பார்ப்பது மனதுக்கு நிறைவாக இருந்தது.

அப்புறம் இடங்களின் கணக்கு. 43 சதவீத வாக்கு எப்படி 53 சதவீத இடமாகிறது? 109 இடங்களும் எட்டு மாவட்டங்களுக்குப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. செவில்யாவுக்கு 18, மாலகாவுக்கு 17, ஹயேனுக்கும் வெல்வாவுக்கும் 11 மட்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் தனித்தனியாக, தோந்த் முறையில், கட்சியின் வாக்கை 1, 2, 3 என்று வகுத்துக்கொண்டே போய், கிடைக்கிற பெரிய எண்களுக்கு இடம் கொடுப்பார்கள். 3 சதவீதம் தாண்டினால் போட்டியில் இருக்கலாம் என்று சட்டம் சொன்னாலும், 11 இடங்கள் மட்டும் உள்ள மாவட்டத்தில் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வாங்கினால்தான் ஓர் இடம் கைக்கு எட்டும். ஆக, ஒன்றாக நிற்பவர்களுக்கு இந்த முறை வாரிக் கொடுக்கும். பிரிந்து நிற்பவர்களிடமிருந்து பிடுங்கும்.

இடதுசாரிகள் இது தெரிந்தே பிரிந்தார்கள் என்பதுதான் எனக்கு ஆத்திரம். 2018-இல் ஒரே கூட்டணியாக நின்று 16 சதவீதம் வாங்கி 17 இடங்கள் பிடித்தார்கள். 2022-இல் இரண்டு பட்டியலாகப் பிரிந்து, ஒன்று 7.7 சதவீதம், இன்னொன்று 4.6 சதவீதம். கூட்டினால் 12 சதவீதத்துக்கு மேல். கிடைத்தது 5 இடமும் 2 இடமும், ஆக 7. இழந்த வாக்கு நான்கில் ஒரு பங்கு, இழந்த இடங்கள் பாதிக்கு மேல். தலைவர்களின் பகைக்குத் தொண்டர்கள் கொடுத்த விலை இது. இதையெல்லாம் மக்கள் வலதுசாரிகளாகிவிட்டார்கள் என்ற ஒற்றை வரியில் அடைத்துவிடக் கூடாது.

உண்மையிலேயே மனம் மாறிய ஊர்களும் இருக்கின்றன, அதை மறைக்க மாட்டேன். அல்மெரியா மாவட்டத்தில் எல் எஹிதோ. விமானத்திலிருந்து பார்த்தால் கடல் எது, பசுமைக்குடில் பிளாஸ்டிக் எது என்று தெரியாது. ஐரோப்பாவின் குளிர்காலத் தக்காளியும் குடைமிளகாயும் அங்கிருந்து போகின்றன. உள்ளே கொதிக்கும் வெப்பத்தில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் மொரோக்கோவிலிருந்தும் மற்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். 2000 பிப்ரவரியில் அங்கே அவர்களுக்கு எதிராகப் பெரிய வன்முறை நடந்தது. 2018-இல் அந்த ஊரில் வோக்ஸ்தான் முதலிடம், 29 சதவீதத்துக்கு மேல். அங்கே பழைய நன்றி, பழைய கோபம் எதுவும் கணக்கில் இல்லை. அல்மெரியாவைப் பார்த்து மொத்த அந்தலூசியாவையும் எழுதுபவர்கள் ஹயேனை மறந்துவிடுகிறார்கள்.

அந்த ஆறு லட்சத்தில் பெரும்பகுதி எங்கும் போய்விடவில்லை என்பதற்குச் சான்று அடுத்த வருடமே கிடைத்தது. 2023 ஜூலை 23, தேசியத் தேர்தல், கொளுத்தும் வெயில். வோக்ஸ் மத்திய அரசில் உட்காருமா என்பதுதான் கேள்வி. அந்தலூசியாவில் மக்கள் கட்சிதான் மறுபடியும் முதலிடம், சுமார் 36 சதவீதம். அதன் வாக்கு எண்ணிக்கை? மீண்டும் 16 லட்சத்தை ஒட்டித்தான். ஆனால் ஒரு வருடத்துக்கு முன் 9 லட்சத்தை எட்டாத சோஷலிஸ்ட் கட்சி இந்தமுறை 33 சதவீதத்துக்கு மேல், 14 லட்சம் வாக்குகளைத் தாண்டியது. அதே மாநிலம், அதே தெருக்கள். 2012, 2022, 2023 என்ற இந்த மூன்று தேர்தல்களில் வலப்பக்கத்துப் பெரிய கட்சியின் வாக்கு ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது. இடப்பக்கத்து வாக்கோ, தேவை என்று தோன்றும்போது வருகிறது, இல்லாவிட்டால் வீட்டில் இருக்கிறது.

அதனால், சோஷலிஸ்ட் கட்சிக்காரர்கள் மொரேனோவைப் போல மிதமாகப் பேசினால் வாக்கு திரும்பும் என்று சொல்லும்போது எனக்கு ஒப்பவில்லை. அந்தக் கணக்கு மகனுக்கானது. அவரைப் போன்றவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களைவிடப் பாட்டியைப் போன்றவர்கள் அதிகம். 2023 ஜூலையில் அவர் காலையிலேயே, வெயில் ஏறுவதற்குள், வாக்களிக்கப் போய்விட்டு வந்தார். மாநிலத் தேர்தலுக்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன். போனால் என்ன மாறும் என்று யாரும் வந்து சொல்லவில்லையே என்றார். செவில்யாவில் அந்தக் கட்சியின் அலுவலகத்தில் இருப்பவர்கள் பதில் சொல்ல வேண்டியது இந்த வாக்கியத்துக்கு. அவருடைய மருத்துவரும் அவருடைய பேரனின் பள்ளிக்கூடமும் மாநில அரசின் கையில்தான் இருக்கின்றன.